புது வீட்டுக்கும் ஒரு பராமரிப்புத் தாள்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் மருத்துவமனைகள் தரும் தாளில் மருந்துகளின் பெயர், உண்ண வேண்டிய வேளை, விலக்க வேண்டிய உணவு, மறுபடி வர வேண்டிய தேதி ஆகியவை எழுதப்பட்டிருக்கும். நோயாளி எத்தகைய வீட்டுக்குப் போகிறார் என்று கேட்கும் கட்டம் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. அந்த வீடு அண்மையில் கட்டி முடிக்கப்பட்டதாக இருந்தால் அக்கேள்வி மிகவும் முக்கியமானது என்று நாங்கள் கருதுகிறோம். புது வீட்டைப் பேணும் வேலையை நோயாளியைப் பேணும் வேலையின் ஒரு பகுதியாகவே குடும்பத்தினர் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

புது வீட்டில் என்ன பழுது இருக்கப்போகிறது என்று எண்ணுவது இயல்பே. வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்துக் கட்டிய வீடு, சுவரெல்லாம் பளபளக்க, குழாயெல்லாம் மின்ன நிற்கும்போது அதைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்? ஆயினும் ஒரு வீடு மிகுதியாக மாறுவது அதன் முதல் இரண்டு ஆண்டுகளில்தான். சுவருக்குள் இருக்கும் நீர் அப்போதுதான் வெளியேறுகிறது. மரப்பலகையும் வண்ணப்பூச்சும் தம் வாடையை அப்போதுதான் விடுகின்றன. மாடித்தளம் முதல் மழையைச் சந்திப்பதும், மின்கம்பிகள் முதல் கோடையின் சுமையைத் தாங்குவதும் அக்காலத்தில்தான். நலமான ஒருவர் இவற்றை ஒரு தும்மலோடு கடந்துவிடலாம். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும், புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்கும், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட முதியவருக்கும் அது அவ்வளவு எளிதல்ல.

மருத்துவமனைகளின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு வார்டுக்கு அருகே சுவரை இடித்துப் பழுதுபார்க்க வேண்டுமானால் முதலில் தொற்றுத் தடுப்புக் குழுவைக் கலந்து பேசுவார்கள். தூசி பரவாமல் தடுப்பு கட்டுவார்கள். இடிபாட்டை நனைத்து மூடி எடுத்துச் செல்வார்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகளை அப்பகுதியிலிருந்து விலக்கி வைப்பார்கள். கட்டுமானத் தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் கலந்திருக்கும் என்பதே காரணம். நாம் அனைவரும் அன்றாடம் அவற்றைச் சுவாசித்து நலமாகவே இருக்கிறோம். ஆனால் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்போர் ஆகியோரின் நுரையீரலில் அதே வித்துகள் உயிருக்கு ஆபத்தான தொற்றை உண்டாக்கக்கூடும். மருத்துவமனையில் இவ்வளவு காவலுடன் வைக்கப்பட்ட நோயாளி, மறுவாரம் தச்சர் பிளைவுட் அறுத்துக்கொண்டிருக்கும் வீட்டின் நடுக்கூடத்தில் படுத்திருந்தால் அந்தக் காவலுக்குப் பொருள் என்ன? வேலை முற்றிலும் முடிந்து, வீடு ஈரத் துணியால் துடைத்து எடுக்கப்படும் வரை இத்தகைய நோயாளிகள் அங்கே தங்கலாகாது என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்குவதும் கூடாது. அது தூசியை மீண்டும் காற்றில் எழுப்பும்.

அடுத்து ஓதம். கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளாவது, கலப்பு சிமெண்டு என்றால் 10 நாளாவது நீர் விட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பூச்சு வேலைக்கும் நீர் விடுகிறோம். இப்படி வீடு குடித்த நீரெல்லாம் வெளியேறப் பல மாதங்கள் ஆகும். சுவர் மேலே உலர்ந்து காணப்பட்டாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். அதன்மேல் பட்டி தேய்த்து, வண்ணம் பூசி, பெரிய அலமாரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டால் ஈரம் வெளியேற வழி இல்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுதி என்பதால் உலர்வதும் மெதுவாகவே நடக்கும். சில மாதங்களில் அலமாரியைத் திறந்தால் புழுங்கல் வாடை வீசும்; மூலையில் கரும்புள்ளிகள் தோன்றும்; சுவரின் அடியில் வெள்ளையாய் உப்புப் பூக்கும். உப்பு உடம்புக்குத் தீங்கு செய்வதில்லை, அது ஈரம் வெளியேறும் அடையாளம் மட்டுமே. உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டுப் பொறுத்திருக்கலாம். அதன்மேல் உடனே மறுபூச்சு அடிப்பது வீண் செலவு. கரும்புள்ளிகளின் கதை வேறு. அது பூசணம். ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோரிடம் ஆஸ்துமாவும் பிற சுவாசத் தொல்லைகளும் மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட உள்ளகக் காற்று வழிகாட்டி நூலில் எடுத்துரைத்திருக்கிறது.

பூசணத்தைக் கண்டவுடன் துடைப்பதற்கு முன் நீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். சுவருக்குள் கசியும் குழாயா, மேல்மாடிக் குளியலறையா, சன்ஷேடில் தேங்கும் மழைநீரா? மூலம் அடைபடாதவரை எத்தனை முறை துடைத்தாலும் அது திரும்பி வரும். துடைக்கும் வேலையை நோயாளியிடமோ ஆஸ்துமா உள்ள வேறு எவரிடமோ விடக்கூடாது. இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. புது வீட்டில் ஓடுகள்மீது படிந்த சிமெண்டுக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இருக்கிறது. அந்த ஆசிட் மிச்சம் குளியலறை மூலையில் நிற்கும். அதே தரையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் குளோரின் வாயு எழும். கதவு மூடிய சிறிய குளியலறையில் இது நலமானவரையே மூச்சுத் திணற வைக்கும். ஆசிட் போத்தலை வேலையாட்களோடு வெளியே அனுப்பிவிடுவதே நல்லது.

புது வீட்டு வாடையைப் பலர் விரும்புகிறார்கள். வார்னிஷ் மணம் புதுமையின் மணமாகவே நமக்குப் பழகிவிட்டது. வண்ணப்பூச்சு, மெருகெண்ணெய், பசை, பிளைவுட் ஆகியவற்றிலிருந்து எளிதில் ஆவியாகும் பல சேர்மங்கள் வெளிவருகின்றன. அவற்றுள் ஒன்று ஃபார்மால்டிஹைடு. அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 ஆம் ஆண்டு சேர்த்தது. இதைப் படித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. அம்முடிவு பெரும்பாலும் தொழிற்கூடங்களில் பல்லாண்டு வேலை செய்தவர்களை ஆராய்ந்து எடுக்கப்பட்டது. வீட்டில் நாம் காண்பது கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி, ஆஸ்துமாவின் தூண்டுதல் ஆகியவையே. வாடை முதல் சில வாரங்களில் மிகுதியாக இருந்து பிறகு படிப்படியாகக் குறையும். வெப்பமும் ஈரமும் அதைக் கூட்டும். சன்னல்களை அடைத்துக்கொண்டு ஏசி போடுவதால் பயனில்லை. வீடுகளில் உள்ள ஏசி பெரும்பாலும் அறையின் காற்றையே சுழற்றுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. சாம்பிராணி போட்டு வாடையை மறைப்பது புகையின்மேல் புகை சேர்ப்பதாகும். எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைப்பதைவிட மேலான மருந்து இதற்கு இல்லை.

இங்கேதான் நல்ல நாள் பற்றிய பேச்சு வருகிறது. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, ஆகவே சுவர் உலர்ந்ததோ இல்லையோ அன்றைக்குக் குடிபுகுந்தே ஆக வேண்டும் என்பார்கள். விழாவையும் குடியேற்றத்தையும் பிரித்துக்கொள்ளலாம் என்பது எங்கள் யோசனை. குறித்த நாளில் பால் காய்ச்சுங்கள், விளக்கேற்றுங்கள். அன்றிரவு குடும்பத்தில் நலமுள்ள ஒருவர் அங்கே தங்கட்டும். நாள்தோறும் மாலையில் ஒருவர் போய் விளக்கேற்றிச் சன்னல்களைத் திறந்து வைத்து வரட்டும். நோயாளி விழாவுக்கு வந்து, ஹோமப் புகை எட்டாத இடத்தில் சற்று நேரம் அமர்ந்து, பழைய வீட்டுக்கே திரும்பலாம். இதனால் எந்தச் சாத்திரமும் குறைபடுவதாகத் தெரியவில்லை. மாதத்தைப் பற்றியும் ஒரு சொல்: ஆடியும் மார்கழியும் ஆகாது என்று ஒதுக்குகிறோம், ஐப்பசியை ஒதுக்குவதில்லை. வடகிழக்குப் பருவமழையின் நடுவே ஈரச் சுவருள்ள வீட்டில் நுரையீரல் நோயாளியைக் குடியேற்றுவதைவிடத் தை மாதத்தில் குடியேற்றுவது மேல். வீட்டுக்கு ஒரு கோடை முழுதும் கிடைக்கும்.

வாடகையையும் கடன் தவணையையும் ஒரே மாதத்தில் கட்டுவது எவ்வளவு பெரிய சுமை என்பதை அறிவோம். அதுவும் மருத்துவச் செலவு வந்து நிற்கும் ஆண்டில். காத்திருக்க இயலாத குடும்பங்கள் ஓர் அறையை மட்டும் முதலில் ஆயத்தம் செய்யலாம். இரு பக்கம் சன்னலுள்ள அறை, காலை வெயில் விழும் அறை நல்லது. அதில் புது மர அலமாரி எதுவும் அடிக்க வேண்டாம். பழைய இரும்புக் கட்டிலும் பழைய பீரோவும் போதும். சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியே நிற்கட்டும். அவ்வறைக்கு வண்ணம் பூசுவதை மற்ற அறைகளுக்கு முன்பே முடித்துவிடச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டால் அவர் மறுக்கப்போவதில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. புதிய மேல்நிலைத் தொட்டியிலும் குழாய்களிலும் சிமெண்டுத் தூளும் குழாய் ஒட்டும் பசையின் நெடியும் இருக்கும். இரண்டு மூன்று முறை நிரப்பி வடித்த பிறகே சமையலுக்கு எடுக்க வேண்டும். பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவ வேண்டும். தொட்டிகளுக்கு இறுக்கமான மூடியும், காற்றுக் குழாயின் வாயில் கொசுவலையும் இன்றியமையாதவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் போதும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசுவும் மேல்நிலைத் தொட்டிகளையும் கிணறுகளையும் நாடுவது. புது வீட்டைச் சுற்றி இவற்றுக்கு விருந்து வைத்திருப்போம்: வண்ணம் கலக்கிய வாளி, சிமெண்டு குழைத்த தொட்டி, நீர் விட மாடியில் கட்டிய மண் வரப்பு, மின்தூக்கிக்காகத் தோண்டிய குழி. வாரம் ஒரு நாள் குறித்துக்கொண்டு எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்க்கவும் வேண்டும். ஏடிஸின் முட்டைகள் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நீரில்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவர்களுக்கும், சிகிச்சையால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும் டெங்கு வந்தால் ரத்தப்போக்கின் ஆபத்து கூடும் என்பதால் இதை நாங்கள் வற்புறுத்துகிறோம். பக்கத்து மனையில் கட்டுமானம் நடந்தால் அவர்களிடமும் மரியாதையாகச் சொல்லலாம். கேட்காவிட்டால் உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவிப்பதில் தவறில்லை.

இனிக் குளியலறை. புது வீடுகளில் எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது இதுதான். கண்ணாடிபோல் மின்னும் ஓடுகளைப் பதித்து விருந்தினரை அழைத்துக் காட்டுகிறோம். அறுவை சிகிச்சை செய்துகொண்ட முழங்காலோடு ஈரப் பாதம் அதில் வைக்கும் முதியவரின் நிலையை எண்ணிப் பார்ப்பதில்லை. சொரசொரப்பான ஓடுகளே குளியலறைக்கு உரியவை. மின்னும் ஓடுகள் ஏற்கெனவே பதிக்கப்பட்டுவிட்டால் அடியில் பிடிப்புள்ள ரப்பர் விரிப்புகளை இடலாம். அவற்றையும் வாரந்தோறும் எடுத்துச் சோப்புப் படிவு போகத் தேய்க்க வேண்டும். நீர் வடிகாலை நோக்கி ஓடாமல் ஒரு மூலையில் தேங்கினால் மேஸ்திரி கணக்கு முடித்துப் போவதற்குள் சரிசெய்யச் சொல்லுங்கள். கழிப்பிருக்கையின் அருகிலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடிக் கம்பி வேண்டும். துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது ஆளின் பாரத்தைத் தாங்காது. கம்பியோடு ஆளும் விழுவார். சுவரில் துளையிடும் முன் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று தெரிய வேண்டும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் இவ்விடத்தில் நிம்மதியாக இருக்கின்றன. கதவின் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். உள்ளே விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடக்கும் நிலை வராதபடி கதவு வெளிப்புறமாகத் திறப்பதே நல்லது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஆக்சிஜன் செறிவூட்டியோ தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவியோ நெபுலைசரோ உள்ள வீட்டில் நிலத்தொடர்பு இணைப்பு சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்புக் கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவி பழுது. மின்சாரம் நின்றால் கருவிகளும் நிற்கும் என்பதால், நோயாளி அவற்றைப் பயன்படுத்தாத நேரத்தில் இச்சோதனையைச் செய்யுங்கள். ஆக்சிஜன் பயன்படுத்தும் அறையில் பூசை விளக்கும் ஊதுவத்தியும் வேண்டாம். எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவியைக் காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டுவதை எந்த விலைக்கும் ஏற்காதீர்கள். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை.

விரிசல்களைக் கண்டு பதறி வருவோர் உண்டு. பூச்சில் தோன்றும் மயிரிழை விரிசல்கள் சிமெண்டு உலரும்போது சுருங்குவதால் வருபவை. பெரும்பாலும் அவற்றால் ஆபத்தில்லை. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி அது வளர்ந்தால், அல்லது சாய்வாகச் சென்றால், அல்லது தூணிலோ உத்தரத்திலோ தோன்றினால் பொறியாளரை அழைக்க வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன் கீழ் வரும் குடியிருப்பை வாங்கியவர்களுக்கு ஓர் உரிமை உண்டு. வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் தம் செலவில் அதைச் சரிசெய்ய வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்துப் படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சொந்த மனையில் மேஸ்திரியைக் கொண்டு கட்டியவர்களுக்கு அவரோடு செய்துகொண்ட ஒப்பந்தமே துணை. ஆகவே கடைசித் தவணைப் பணத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்க முன்பே பேசிக்கொள்வது நன்று.

மழைக்கு முன், புரட்டாசி முடிவதற்குள், மாடியின் வடிகுழாய்களையும் மழைநீர் சேகரிப்பின் வடிகட்டும் சல்லியையும் சுத்தம் செய்ய வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இயந்திர வண்டியைக் கொண்டு மட்டுமே எடுக்க வேண்டும். எக்காரணத்துக்காகவும் ஒரு மனிதரை அதற்குள் இறக்கக்கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதிலுள்ள வாயு சில நொடிகளில் உயிரைக் குடிப்பது.

இவ்வளவையும் யார் செய்வது? எங்கள் கவலை இங்கேதான் இருக்கிறது. நோயாளிக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்பவர், புண்ணுக்குக் கட்டுப் போடுபவர், இரவில் எழுந்து தண்ணீர் தருபவர் பெரும்பாலும் வீட்டில் ஒருவரே. அவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். தொட்டி கழுவும் நாளையும் பிளம்பரை அழைக்கும் வேலையையும் அவர் தலையிலேயே சேர்த்து வைப்பது நியாயமாகாது. வீட்டுப் பராமரிப்பைக் குடும்பத்தின் வேறொருவர் முழுப் பொறுப்பாக ஏற்கட்டும். வெளியூரில் இருக்கும் மகனால் நெற்றிப்பொட்டில் ஈரத்துணி வைக்க முடியாது. ஆனால் தொலைபேசியில் பிளம்பரை வரச்சொல்லவும், மின்காப்புக் கருவியைச் சோதித்தீர்களா என்று மாதந்தோறும் கேட்கவும், கூலியை அனுப்பவும் முடியும். பதினைந்து வயதுப் பேரனால் வாரம் ஒருமுறை வாளிகளைக் கவிழ்த்துத் தேய்க்க முடியும். புதுமனை புகுவிழாவின் விருந்தில் ஒரு பந்தியைக் குறைத்தால் ஓராண்டுப் பராமரிப்புக்கான பணம் பல வீடுகளில் கையில் நிற்கும் என்பதையும் சொல்லத் துணிகிறோம். உறவினர் முகம் கோணலாம்.

அடுத்த முறை வரும்போது உங்கள் கைப்பேசியில் மூன்று படங்கள் எடுத்து வாருங்கள்: நோயாளியின் கட்டிலை ஒட்டிய சுவர், குளியலறைத் தரை, அறையின் சன்னல். புது வீட்டுக்கு மாறியிருந்தால் மாறிய தேதியையும், இருமலோ மூச்சிரைப்போ அதற்குப் பிறகு கூடியதா என்பதையும் குறித்து வாருங்கள். மருந்துச்சீட்டு எழுதும்போது அவற்றைப் பார்க்க மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் எடுத்துக் காட்டலாம்.